ஆறு மிளகும் ஒரு சிவப்புக் கம்பளமும்

முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இதை வாசிக்கப்போற என்ர வயசுக்காரருக்குத்தான் எழுதுறன். எங்கட பிள்ளையள் வாசிக்கமாட்டினம். தமிழ் எழுத்தைக் கண்டால் முறுக்குப் பிழிஞ்சு வைச்ச மாதிரிக் கிடக்கு எண்டு என்ர மூத்தவள் சொல்லுவாள். கிடக்கட்டும். நீங்கள் வாசியுங்கோ. பொய் எண்டு நினைச்சாலும் இடையில எழும்பிப் போகாதேங்கோ.

எனக்கு அப்ப பத்து வயசு. கோட்-டெ-நெய்ஜில ஒரு நாலரையில இருந்தனாங்கள். மொன்றியலில வீட்டை இப்பிடித்தானே எண்ணுறது: நாலு அறை, குளியலறை அரை. அந்த நாலரைக்குள்ள அப்பா, அம்மா, நான், பெரியம்மா, பெரியம்மாவின்ர முருகன். ஹீற்றர் ஒழுங்கா வேலை செய்யிற ஒரேயொரு அறை முருகனுக்கு, சாமியறையா. அப்பா ஹோலுக்குள்ள ஜக்கெற் போட்டுக்கொண்டு படுப்பார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஏன் எண்டால் பெரியம்மா அம்மாவின்ர அக்கா, அம்மாவைத் தூக்கி வளர்த்தவ.

பெரியம்மா சுத்த சைவம். முட்டை படியேறினால் தான் படியிறங்குவன் எண்டு சொன்னவ. அப்பா ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினவர். அங்க மீன் சாப்பிட்டிட்டு, பல்லுத் தீட்டி, வாய்க்குள்ள ஏலக்காய் போட்டுக்கொண்டு வருவார். "ஏலக்காய் மணக்குது, இண்டைக்கு என்ன மீன்?" எண்டு குசினிக்குள்ள இருந்து கேள்வி வரும்.

அவவின்ர ஒரே மகன், எனக்கு அண்ணை முறை, அப்ப கொழும்பில ஒரு லொட்ஜில இருந்தவர். பதினெட்டு வயசு. கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டு ஒரு அறைக்குள்ள கிடந்தார், தமிழ்ப் பெடியன் றோட்டில இறங்கினால் பொலிசும் ஆமியும் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நீலக் கடுதாசியில, மடிச்சு ஒட்டுற அந்த ஏரோகிராமில எழுதுவார். "நான் சுகம், அம்மா பயப்பிடாதேங்கோ" எண்டு முதல் வரி. அதை வாசிச்ச பிறகுதான் பெரியம்மா பயப்பிடத் தொடங்குவா.

அப்பிடி இருக்கேக்க, ஒரு செப்ரெம்பர் மாசம், எங்கட தலைக்கு மேல சத்தம் கேக்கத் தொடங்கிச்சுது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. திருப்பியும் டொக், டொக். மேல் வீட்டில ஆரோ குஸ்தி பழகினம் எண்டார் அப்பா. பெரியம்மா கரண்டியைக் கீழ வைச்சிட்டுக் காதைத் தீட்டினா. முகம் மலர்ந்து போச்சு.

"குஸ்தியும் மண்ணாங்கட்டியும். இது மா இடிக்கிற சத்தம். எங்கட ஆக்கள் வந்திருக்கினம்!"

ஒரு கிண்ணத்தையும் என்னையும் தூக்கிக்கொண்டு மேல ஏறினா. பத்து மாசத்துக்குப் பிறகு உரலில இடிச்ச மா கிடைக்கப் போகுது எண்ட சந்தோசம். கதவு திறந்தது. உள்ளுக்கு ரெண்டு பொம்பிளையள். எங்கட நிறம். எங்கட உயரம். எண்ணெய் வைச்சு இழுத்த பின்னல், இடுப்பு மட்டும். பெரியம்மா கேக்கவே வேண்டியதில்லை எண்டு முடிவெடுத்திட்டா.

"எந்த ஊர், பிள்ளையள்?"

அவை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச்சினம். பேந்து ஒராள் ஏதோ சொன்னா. அது தமிழில்லை, பிரெஞ்சில்லை, இங்கிலீசும் இல்லை. பெரியம்மா என்னைத் திரும்பிப் பாத்தா. நான் முழுசினன். அவைக்குப் பின்னால உரல் இல்லை, ஒரு மரத்தறி நிண்டது. எங்கட கட்டிலைவிடப் பெரிசு. அறைக்குள்ள தறி இருந்ததோ, தறிக்குள்ள அறை இருந்ததோ எண்டு இண்டைக்கும் எனக்குச் சந்தேகம்.

அவை மெக்சிகோவின்ர தெற்குப் பக்கத்தில ஒரு பள்ளத்தாக்கு ஆக்கள். சப்பொத்தேக் எண்டுறது அவையின்ர இனம், அவையின்ர பாசை. அக்காவும் தங்கச்சியும். தங்கச்சி இஞ்சத்த ஆள் ஒருத்தரைக் கட்டி வந்தவ. அந்த மனுசன் வடக்கில அணைக்கட்டு வேலை, மாசத்தில ஒருக்காத்தான் வருவார். வந்த ஒரு முறையில அந்தத் தறியைச் செய்து குடுத்திட்டுப் போனவர். அக்கா தங்கச்சிக்குத் துணையா வந்தவ. தங்கச்சி நெய்வா, வாய் திறக்கமாட்டா. நான் அவவைத் தறி அன்ரி எண்டு கூப்பிட்டனான். அக்கா நூல் நூற்பா, சாயம் போடுவா, கதைச்சுக்கொண்டேயிருப்பா. அவ நூல் அன்ரி.

எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு பாதி தெரியும். அவைக்கு வகுப்புக்குப் போய்ப் படிச்ச பிரெஞ்சு பாதி தெரியும். அரையும் அரையும் சேர்ந்தால் ஒண்டு எண்டு கணக்கு ரீச்சர் சொல்லித் தந்தவ. அது சரிவரேல்லை. ஆனாலும் பெரியம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு விளங்காததை நானே போட்டு நிரப்புவன்.

"வீட்டில ஒரு பாசை, அரசாங்கக் கந்தோரில வேறொரு பாசை எண்டு சொல்லுகினம் பெரியம்மா. கந்தோரில ஸ்பானிஷ்தானாம்."

"பாவங்கள். எங்கட கதைதான்" எண்டு சொல்லிப்போட்டுப் பெரியம்மா தறிக்குப் பக்கத்தில நிலத்தில இருந்திட்டா. அண்டைக்கு இருந்தவ அந்தக் குளிர்காலம் முடியுமட்டும் எழும்பேல்லை எண்டே சொல்லலாம்.

நூல் அன்ரி சொன்ன கதையில எனக்கு நல்லாப் பிடிச்சது இது. அவையின்ர ஊரில தறி ஆம்பிளையளின்ர சொத்தாம். கம்பிளி கழுவுறது, சிக்கெடுக்கிறது, நூற்கிறது, சாயம் போடுறது எல்லாம் பொம்பிளையள். கடைசியில ஏறி இருந்து நெய்து, "நான் செய்தது" எண்டு சொல்லுறது ஆம்பிளை. பேந்து ஆம்பிளையள் அமெரிக்காவுக்கு வேலை தேடிப் போட்டினம். தறி சும்மா கிடந்தது. பொம்பிளையள் ஏறி இருந்திட்டினம்.

"திரும்பி வந்த ஆம்பிளையள் என்ன சொன்னவையாம்?" எண்டு பெரியம்மா ஆவலாக் கேட்டா.

"பிழை கண்டுபிடிக்கப் பாத்தவை. ஒண்டும் கிடைக்கேல்லை."

பெரியம்மா சிரிச்ச சிரிப்பில கீழ் வீட்டில அப்பா திடுக்கிட்டு எழும்பினவராம்.

ஆனால் பெரியம்மா லேசில நம்புற ஆளில்லை. கம்பிளியைத் தொட முதல் என்னைக் கொண்டு விசாரணை நடத்தினா. "ஆட்டைச் சாகடிச்சே இதை எடுக்கிறவை? வடிவாக் கேள்." இல்லை, மயிரை மட்டும் வெட்டிப்போட்டு ஆட்டை விட்டிடுறது எண்டு பதில் வந்தது. "அப்ப சரி. பால் கறக்கிற மாதிரித்தான்" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவையின்ர குளியல் தொட்டிக்குள்ள இறங்கிக் கம்பிளியை மிதிக்கத் தொடங்கினா. நெல்லு மிதிச்ச கால். அவை ரெண்டு பேரும் கை தட்டிச்சினம். ஈரச் செம்மறி மணம் எங்கட வீட்டுச் சோத்துக்குள்ளயும் வந்தது. மீன் மணத்தைப் பிடிக்கிற மூக்குக்கு அது மட்டும் பிடிபடேல்லை. அப்பா ஒண்டும் சொல்லாமல் யன்னலைத் திறந்து வைப்பார்.

ஒக்ரோபரில ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மேல போறன், பெரியம்மா குசினி வாசலில கையைக் கூப்பிக்கொண்டு நிக்கிறா. அடுப்பில பெரிய பானை. பானைக்குள்ள ரத்தச் சிவப்பு. பக்கத்தில நிலத்தில ஒரு அம்மி. ஓம், அம்மியேதான், என்ன, அதுக்கு மூண்டு கால் முளைச்சிருந்தது. அம்மியில சிவப்பாக் கூட்டு அரைச்ச தடம். நூல் அன்ரி தேசிக்காய் ஒண்டை வெட்டிப் பானைக்குள்ள பிழியிறா. பிழிஞ்ச உடன அந்தச் சிவப்பு பளிச்செண்டு எழும்பிச்சுது.

"குங்குமம்!" எண்டா பெரியம்மா. "எடியே, மஞ்சளுக்குத் தேசிக்காய் விட்டுத்தானே நாங்களும் குங்குமம் செய்யிறது. அம்மி, தேசிக்காய், சிவப்பு. வேற என்ன சாட்சி வேணும்? இவையள் எங்களை விட்டுப் பிரிஞ்சுபோன ஆக்கள்!"

அவ கேள்வியே கேக்கேல்லை, அதுதான் பிழை. ஆட்டுக்கு விசாரணை வைச்ச மனுசி சிவப்புக்கு வைக்கேல்லை. அந்த இடத்திலேயே ஒரு விண்ணப்பம் வைச்சா. கந்தசட்டி விரதம் வருது. ஆறு நாளும் முருகனுக்கு முன்னால இருக்கிறதுக்கு அந்தக் குங்குமத்தில தோய்ச்ச நூலில ஒரு ஆசனம் வேணும். மகன் வந்து சேரவேணும் எண்டு நேர்த்தி. நான் அதைப் பிரெஞ்சில சொன்னன். தறி அன்ரி தறியை விட்டு இறங்கி வந்து பெரியம்மாவின்ர கையைப் பிடிச்சு, ஓம் எண்டு தலையாட்டினா.

அடுத்த நாள் நான் தனியப் போனன். நூல் அன்ரி ஒரு தகரப் பேணியைத் திறந்து, சாம்பல் நிறத்தில, சுருங்கின மிளகு மாதிரி ஒரு மணியை என்ர உள்ளங்கையில வைச்சு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டுத் தேய்ச்சா. கை முழுக்கச் சிவப்பு. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. இது எந்த மரத்துக் கொட்டை எண்டு கேட்டன்.

"மரமில்லை. பூச்சி. எங்கட ஊரில நாகதாளிக் கள்ளியில இருக்கும். தட்டி எடுத்து வெயிலில காயவைக்கிறது." எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சு ஒரு கடுதாசியில ஆறு காலோட கீறியும் காட்டினா. மனுசி அவ்வளவு நல்லவ.

நான் வீட்டை வந்து மூண்டு தரம் கை கழுவினன். போகேல்லை. கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு சாப்பிடலாமோ எண்டும் யோசிச்சனான். என்ர கணக்கு இதுதான்: ஆசனத்தில பூச்சி எண்டால் ஆசனம் கூடாது. ஆசனம் கூடாட்டி விரதம் கூடாது. விரதம் கூடாட்டி அண்ணை வரமாட்டார். சொன்னால் பெரியம்மா அதை எறிஞ்சுபோட்டு, தெரியாமல் தொட்டதுக்கும் சேர்த்து அழுவா. சொல்லாட்டில் பூச்சியில இருந்து கும்பிடுவா, முருகனுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் அண்ணைக்குத்தான் ஆபத்து. பத்து வயசில நான் சோறு இறங்காமல் திரிஞ்சன். அம்மா எனக்குப் புழு மருந்து தந்தவ.

ஆசனம் வந்தது. நடுவில படி படியா ஏறுற கோடு, ரெண்டு பக்கமும் வெட்டி வெட்டிப் போற கோடு. தறி அன்ரி மின்னல் எண்டு சொன்னவ. "வேல்" எண்டு நான் மொழிபெயர்த்தன். பெரியம்மா கண்ணில ஒத்திக்கொண்டா. உண்மையாகவே வடிவான கம்பளம், பொய் சொல்லக்கூடாது. அப்பிடியொரு சிவப்பை நான் பிறகு ஒரு கடையிலயும் காணேல்லை.

விரதம் தொடங்கிச்சுது. பெரியம்மா பிடிச்சது மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகும் தண்ணியும், ரெண்டாம் நாள் ரெண்டு மிளகு, இப்பிடியே ஆறாம் நாள் ஆறு. நான் அவவை ஆசனத்தால எழுப்ப என்ன எல்லாம் செய்தன் எண்டு கேளுங்கோ. நிலம் குளிருது பெரியம்மா, கதிரையில இருங்கோ எண்டன். "கதிரையில இருந்து கும்பிட நான் என்ன கந்தோருக்கே வந்தனான்?" ஒரு பழைய பெற்ஷீற்றை மடிச்சு மேல விரிச்சன். "குங்குமம் தெரியட்டும்" எண்டு இழுத்து எறிஞ்சா. கடைசியா, நான் முருகனிட்டைத் தனியப் போய், பூச்சியைப் பற்றித் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான், ஏதும் தண்டனை எண்டால் எனக்குத் தாங்கோ, அண்ணையை விட்டிடுங்கோ எண்டு கேட்டன்.

அஞ்சாம் நாள், சுவரில தொங்கின சுருள் வயர் ரெலிபோன் அடிச்சது. கொழும்பில இருந்து அண்ணை. நேர்முகம் எண்டு திகதி குடுத்துப் போட்டு, போனவரைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். வேற திகதி பேந்து சொல்லுவினமாம். பெரியம்மா ரெலிபோனை வைச்சிட்டு, அஞ்சு நாள் பட்டினி கிடந்த குரலில, ஆரோ விரதத்தைக் குழப்பிப்போட்டினம் எண்டா. எல்லாரும் அப்பாவைப் பாத்தினம்.

"சத்தியமா ஒரு கிழமையா மீன் தொடேல்லை!" எண்டு அப்பா தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினார். பாவம் மனுசன், அது உண்மை. நான் அலுமாரிக்குப் பின்னால போய் நிண்டு அழுதன்.

ஆறாம் நாள், சூரன்போர். வெளியில வெள்ளை வெளேரெண்டு முதல் சினோ, பனி, கொட்டுது. பெரியம்மா பூசைக்கு உடுக்கிற அரக்குப் பட்டுச்சீலையை உடுத்துக்கொண்டு மிளகுப் போத்தலைத் திறந்தால், போத்தல் வெறும். சளி, தடிமன் எண்டு அம்மா முந்தின நாள் இருந்த மிளகெல்லாம் போட்டு ரசம் வைச்சவ. பெரியம்மாவும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்த பார்வையில குசினி எரிஞ்சிருக்கும். என்னை மூலைக் கடை டெப்பனருக்குக் கலைச்சினம். நான் சினோவுக்குள்ள ஓடிப்போய் ஒரு சின்ன டப்பா மிளகு வாங்கிக்கொண்டு வந்தன். தூள்.

"தூளை எப்பிடியடி ஆறு எண்டு எண்ணுறது?"

பெரியம்மா தீர்த்தச் செம்பில கையை நனைச்சுக்கொண்டு, விறுவிறெண்டு மேல ஏறினா. நான் பின்னால ஓடினன். தறி அடிச்சுக்கொண்டிருக்கு, நூல் அன்ரி குளியலறையில. பெரியம்மாவுக்கு அது சொந்த வீடு மாதிரி. நேர குசினிக்குள்ள போய், தட்டில இருந்த தகரப் பேணியைத் திறந்தா. ஐயோ, அந்தப் பேணி. சாம்பல் நிற மணியள். "ஓ, இருக்கு. கொஞ்சம் பழசு" எண்டு சொல்லி, ஒண்டு, ரெண்டு எண்டு ஈர உள்ளங்கையில ஆறு எண்ணி எடுத்து, கண்ணை மூடி, "முருகா, என்ர பிள்ளை" எண்டு கையை வாய்க்குக் கொண்டு போனா.

"பூச்சி! பெரியம்மா, பூச்சி!"

நான் கத்தின கத்தலில தறி நிண்டு போச்சு. பெரியம்மா கண்ணைத் திறந்து கையைப் பாத்தா. ஈரத்தில உள்ளங்கை சிவந்து வழியுது.

"எது பூச்சி?"

"இது." பிறகு என்னால நிப்பாட்ட முடியேல்லை. "பானையும். நூலும். ஆசனமும். எல்லாம் பூச்சி. குங்குமம் இல்லை, பெரியம்மா."

பெரியம்மா கையைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நூல் அன்ரி ஈரக் கையோட ஓடி வந்து என்ன நடந்தது எண்டு கேட்டா. இவ உயிரைச் சாகடிச்சு எடுத்தது ஒண்டும் தொடமாட்டா எண்டு நான் விக்கி விக்கிச் சொன்னன். நூல் அன்ரி வாயில கை வைச்சா, அவவுக்கே அழுகை வந்திட்டுது. அப்ப தறி அன்ரி இறங்கி வந்தா. பெரியம்மாவின்ர முந்தானையை ரெண்டு விரலால பிடிச்சு, நெய்யிற ஆக்கள் பிடிக்கிற மாதிரி, மெல்லத் தேய்ச்சுப் பாத்தா. ரெண்டு மாசத்தில அவ என்னோட கதைச்ச நீளமான கதை இதுதான்.

"இது பட்டு. எங்கட மலைப் பக்கத்திலயும் இருக்கு. புழு கூடு கட்டும். புழு உள்ளுக்கு இருக்கேக்கையே கூட்டைக் கொதிதண்ணியில போட்டுத்தான் நூல் எடுக்கிறது."

என்ன சொல்லுறா எண்டு பெரியம்மா கேட்டா. அண்டைக்குத்தான் நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தன்.

"பொய்" எண்டா பெரியம்மா. தறி அன்ரியின்ர முகத்தைப் பாத்தா. தன்ர சீலையைப் பாத்தா. "என்ர கூறைச்சீலையும் பட்டுத்தானேயடி." அப்பிடியே குசினி நிலத்தில இருந்திட்டா. தோள் குலுங்கிச்சுது. அழுகிறா எண்டு நாங்கள் மூண்டு பேரும் பயந்திட்டம். அவ சிரிக்கிறா. "ஐயோ முருகா, இருபத்தைஞ்சு வருசமாப் புழுவைச் சுத்திக்கொண்டெல்லோ உன்னட்டை வந்திருக்கிறன்! நீயும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

சிரிச்சு முடிச்சு என்னைப் பாத்தா. "உனக்கு எப்ப தெரியும்?"

"மூண்டு கிழமை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அண்ணை வராமல் போயிடுவார்."

பெரியம்மாவின்ர சிரிப்பு நிண்டது. என்னை இழுத்து மடியில வைச்சா. பத்து வயசுப் பிள்ளை, கால் ரெண்டும் நிலத்தில இழுபடுது. "விசர்ப் பிள்ளை, அதுதான் சாப்பிடாமல் திரிஞ்சனியே? உன்ர அண்ணையை மறிக்கிறது பூச்சியே? கந்தோரில இருக்கிற மனுசர் மறிக்கிறாங்கள். பூச்சி என்ன செய்யும்?"

"அப்ப ஏன் பெரியம்மா விரதம் பிடிக்கிறீங்கள்?"

பெரியம்மா என்ர கன்னத்தைத் துடைச்சா. துடைச்ச கையில சாயம், என்ர முகமெல்லாம் சிவப்பு.

"வேற என்னத்தையடி நான் செய்ய?" எண்டு கேட்டா.

அவ உண்மையாவே கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்லை. இப்ப, அவவின்ர வயசைத் தாண்டி நிக்கேக்கையும் தெரியேல்லை. நேர்த்தி மூடநம்பிக்கை எண்டு கதைக்கிற ஆக்களோட நான் வாதாடப் போறதில்லை. அந்த மனுசிக்கு விசாக் கந்தோரின்ர கதவும் தெரியாது, அந்தப் பாசையும் தெரியாது. தன்ர வயிறு ஒண்டுதான் அவவின்ர கையில இருந்தது. அதைக் காயப்போட்டா.

கீழ வந்து, தூள் டப்பாவை எடுத்து, ஆறு சிட்டிகை நாக்கில வைச்சா. "முருகனுக்கு எண்ணத் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டு, அதே பட்டுச்சீலையோட அதே கம்பளத்தில இருந்தா.

அண்ணை அந்த வருசம் வரேல்லை. அடுத்த வருசமும் வரேல்லை. மூண்டாம் வருசம் சித்திரையில, எலும்பும் தோலுமா வந்து இறங்கினார். ஏயார்போட்டில இருந்து வரேக்க, காருக்குள்ள, கோழி திண்டு கன நாள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டார். அப்பா கண்ணாடியில பெரியம்மாவைப் பாத்தார். பெரியம்மா யன்னலைப் பாத்துக்கொண்டு, "கடை ஒண்டில நிப்பாட்டுங்கோ" எண்டா. அப்பா காரை எங்கயோ கொண்டுபோய் இடிக்கப் பாத்தவர்.

வீட்டை வந்து, பொரிச்ச கோழிப் பெட்டியோட எங்க இருக்கிறது எண்டு தெரியாமல் அண்ணை வாசலில நிண்டார். பெரியம்மா முருகன் அறைக்குள்ள போய், அந்தச் சிவப்புக் கம்பளத்தைத் தூக்கி வந்து ஹோலில விரிச்சு, "இதில இரு, நிலம் குளிர்" எண்டா. அவர் சம்மணம் கட்டி இருந்து, குனிஞ்ச தலை நிமிராமல், ஒரு துண்டு, ரெண்டு துண்டு, மூண்டு துண்டு எண்டு திண்டார். அம்மா மூச்சு விடேல்லை. அப்பா மூச்சு விடேல்லை. பெரியம்மா அவருக்கு எதிரில வெறும் நிலத்தில இருந்து பாத்துக்கொண்டேயிருந்தா.

"எலும்பு கவனம், மேனை" எண்டா. "ஆறுதலாத் தின்."